தவசை உடைத்த வருஷம்

தம்பி,

இன்றைக்குச் சாயங்காலம் கோயில் வளாகத்தில் போன வருஷத்துக் குருத்தோலைகளை எரித்தார்கள். நாளைக்கு விபூதிப் புதன், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவசு தொடங்குகிற நாள். நெற்றியில் பூசச் சாம்பல் வேண்டுமே. வீட்டுக்கு வீடு சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்த காய்ந்த ஓலைகளைக் கொண்டுவந்து, மாதா கெபிக்குப் பக்கத்தில் இருக்கிற தகர டிரம்மில் போட்டோம். உன் வீட்டு ஓலையை ஸ்டெல்லா என்னிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். அவளுக்குப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு வேலை முடிய நேரமாகிவிட்டது. நீயே உட்கார்ந்து சிலுவையாக மடித்த ஓலை அது.

நெருப்புப் பிடித்ததும் அந்த வாசம் வந்தது. சோளத்தட்டை எரிகிற மாதிரி இருக்கும். கடைசியில் லேசாக ஒரு இனிப்பு அடிக்கும். புதிதாக வந்திருக்கிற சின்னச் சாமியார், "புகை மூஞ்சில அடிக்குதும்மா, தள்ளி நில்லுங்க" என்றார். "அடிக்கட்டும் சாமி, இது எங்க குடும்பத்துப் புகை" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உனக்கு விளங்கும். அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் உலைகூட வைக்காமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். உன் மச்சான் பசிக்கிறது என்று அடுப்படியை எட்டி எட்டிப் பார்க்கிறார். செத்த நேரம் பசிக்கட்டும்.

அந்த டிரம்மைச் சுற்றி எல்லாரும் நிற்கும்போதுதான் நீ வருஷா வருஷம் உன் அறிவிப்பைச் செய்வாய். சாமியார் பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. நீ சொன்னது மட்டும் தெரு முழுக்கத் தெரியும். "நாளையில இருந்து நாப்பது நாளைக்கு ஒரு சொட்டு தொட மாட்டேன். தொட்டா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல."

சொன்னபடி தொடவும் மாட்டாய். அதுதான் எல்லாரையும் ஏமாற்றியது.

மற்ற மாதங்களில் நீ எப்படி இருந்தாய் என்பதை நான் உனக்கு எழுத வேண்டியதில்லை. ஆயக்குடியில் கொய்யா லோடு ஏற்றி, திண்டுக்கல் மார்க்கெட்டில் இறக்கி, வண்டியை நிறுத்தின கையோடு கடைக்குப் போய்விடுவாய். வீட்டுக்கு வரும்போது வாயில் கொய்யா இலையைப் போட்டு மென்றுகொண்டு வருவாய், வாசம் தெரியாதாம். தெரியாமல் என்ன? கொய்யா இலை வாசம் தெருமுனையில் வந்தாலே ஸ்டெல்லா ஜெனிபரைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். பிள்ளை பள்ளிக்கூடப் பையை மாட்டியபடியே என் வீட்டில் தூங்கிப் போயிருக்கிறது.

அதே ஆள் தவசு வந்துவிட்டால் வேறு ஆள். சவரம் செய்த முகம், வெள்ளைச் சட்டை. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் முன்னால் சிலுவை தூக்கிக்கொண்டு போவது நீதான். ஜெனிபரைத் தோளில் உட்கார வைத்து பஜ்ஜி வாங்கிக் கொடுப்பாய். ஸ்டெல்லாவுக்கு வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக் கொடுப்பாய். ஆத்தூர்ப் பக்கம் இருக்கிற நம் சொந்தக்காரர்கள் வந்துவிட்டு, "என்னா மனுசன்டா! நெனச்சதும் நிறுத்திப்புட்டான் பாரு" என்று உன்னைத் தூக்கி வைத்துப் பேசுவார்கள். நீ மீசையைத் தடவிக்கொள்வாய்.

உன் கூட்டாளி முருகேசன் மட்டும்தான் சிரிப்பான். தாடிக்கொம்பில் பூ விளைய வைக்கிறவன், உன் வண்டியில் மல்லிகை மூட்டை ஏற்றப் பழகி, பிறகு உன்னோடு குடிக்கவும் பழகினவன். அவனும் கார்த்திகையில் மாலை போட்டால் தொட மாட்டான். ஒரு தடவை என் வாசலில் நின்றுகொண்டு என்னிடமே சொன்னான். "அக்கா, இவனுக்குத் தவசு, எனக்கு மாலை. சாமிதான் வேற. விரதம் முடிக்கிற கடை ஒண்ணுதான்." நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் விரதம் முடிக்கிற நாளுக்கு ஸ்டெல்லா எப்படிப் பயந்துகொண்டு காத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஊரெல்லாம் ஈஸ்டருக்குப் புதுத்துணி எடுக்கும். அவள் பாத்திரங்களை எடுத்துப் பரணில் ஏற்றுவாள், நீ எடுத்து எறியாமல் இருக்க. நாற்பது நாளாகக் கட்டி வைத்ததையெல்லாம் நீ ஒரே மத்தியானத்தில் அவிழ்த்துவிடுவாய். ஒரு வருஷம் ஈஸ்டர் காலைப் பூசையில் எல்லாரும் அல்லேலூயா பாடிக்கொண்டிருக்கும்போது, என் பக்கத்தில் நின்றவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு காதில் சொன்னாள். "மதினி, எல்லாரும் ஆண்டவர் உயிர்த்துட்டாருன்னு பாடுறாங்க. எனக்கு இவரு சாகப் போறாருன்னு இருக்கு."

அதைக் கேட்டபிறகு நான் சும்மா இருப்பேனா? என் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. மறுநாள் நீ தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பிடிபிடி என்று பிடித்தேன். நாற்பது நாள் முடிந்தவனுக்கு நாற்பத்தோராம் நாள் ஏன் முடியவில்லை என்று கேட்டேன். நீ நிதானமாகச் சொன்னாய். "முடியாம இல்லக்கா. நெனச்சா நிறுத்திருவேன். அதான் வருசா வருசம் நிறுத்திக் காட்டுறேன்ல? நிறுத்த முடியாதவன் பயப்படணும். நான் எதுக்குப் பயப்படணும்?"

நம் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை சாயங்காலம் குடியை விட வேண்டும் என்கிறவர்கள் கூடி உட்கார்வார்களே, அங்கே போகச் சொல்லி உன்னைக் கெஞ்சியிருக்கிறேன். அதை நடத்தின சூசை அண்ணனும் ஒரு காலத்தில் குடித்து விழுந்து கிடந்தவர்தான். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அங்கே போகிறவன் முதலில் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: என்னால் முடியவில்லை. அது உனக்கு ஆகவில்லை. "எல்லாப் பயலும் வட்டமா உக்காந்து முடியல முடியலன்னு அழுவானுக. அது நோஞ்சான் சங்கம்க்கா. அங்க போயி உக்கார நான் என்ன சீக்காளியா?" தெருவில் சூசை அண்ணன் எதிரில் வந்தால் வேண்டுமென்றே, "என்னண்ணே, இன்னைக்கு எத்தனை டிக்கெட்?" என்பாய். அவரும் கோபப்படாமல், "சீட்டு காலியாத்தான் இருக்கு, வா" என்பார்.

அப்புறம் அந்த வருஷம் வந்தது.

அந்தத் தவசிலும் டிரம் பக்கத்தில் நின்று அறிவித்தாய். சிலுவை தூக்கினாய். பாதித் தவசு போயிருக்கும். ஒரு மத்தியானம் ஜெனிபர் மூச்சிரைக்க ஓடிவந்து, "அத்தை, அப்பா வண்டியை விட்டு எறங்க மாட்டேங்குறாரு" என்றாள். போய்ப் பார்த்தால் வாசலில் வண்டி. ஓட்டி வந்தவன் முருகேசன். நீ பக்கத்து சீட்டில் கொய்யாக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைத் துண்டால் மூடி உட்கார்ந்திருந்தாய். முருகேசன் கீழே இறங்கி என்னைத் தனியே இழுத்தான்.

"அக்கா, தவசை உடைச்சுப்புட்டான். நான் எம்புட்டோ சொன்னேன், கேக்கல."

"என்னடா ஆச்சு? யாரோடயும் சண்டையா?"

"ஒண்ணுமே இல்லக்கா. லோடு ஏத்த லேட்டாச்சு. வெயில். டீ குடிச்சுட்டு வாரேன்னு போனான். செத்த நேரம் கழிச்சுப் பாத்தா கடையில நிக்கிறான். நான் வேணாம்டா தவசுடான்னு கையப் புடிக்கிறேன், அவன் அழுதுக்கிட்டே குடிக்கிறான்."

நான் வண்டியில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த சீட்டில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். திட்ட வேண்டும் என்றுதான் ஏறினேன். நீ துண்டை எடுத்தாய். நம் அப்பா இறந்த அன்றைக்குக்கூட நீ அப்படி ஒரு முகத்தோடு இல்லை.

"அக்கா, எனக்குக் குடிக்கணும்னு தோணக்கூட இல்லக்கா. வேணாம் வேணாம்னு சொல்லிக்கிட்டேதான் போறேன். காலு போகுது. கையி வாங்குது. நெனச்சா நிறுத்திருவேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, அந்த ஆளத் தேடுறேன். அவன் அங்க இல்லவே இல்லக்கா."

ஸ்டெல்லா வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அன்று அழுத அழுகை வேறு மாதிரி. ஈஸ்டர் வரைக்குமாவது கிடைத்துக்கொண்டிருந்த நிம்மதியும் போய்விட்டது என்று அழுதாள். தெருவில் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். தவசிலேயே குடித்துவிட்டான், இனி இவன் தேற மாட்டான் என்றார்கள். அந்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் சிலுவையை வேறு ஒருத்தர் தூக்கினார். நீ வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாய்.

எல்லாருக்கும் தப்பாகத் தெரிந்தது அதுதான், தம்பி. நாற்பது நாள் நீ நின்ற வருஷங்களையெல்லாம் நாங்கள் உன் பலம் என்று நினைத்தோம். அந்தப் பலம்தான் உன்னை ஆண்டவர் பக்கம் போகவிடாமல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அது உடைந்ததும் நீ உடைந்தாய் என்று ஊர் நினைத்தது. உடைந்தது வாசலை அடைத்த சுவர்.

சனிக்கிழமை மத்தியானம் நீயாக என் வீட்டுக்கு வந்தாய். "அக்கா, அந்த மண்டபத்துக்கு என்கூட வாரியா? தனியாப் போக வெக்கமா இருக்கு" என்றாய். வீட்டைப் பூட்டி, சாவியை யாரிடமும் கொடுக்காமல் உன்னோடு நடந்தேன். உன் மச்சான் அன்று வெளியில் நின்றது தனிக்கதை.

மண்டப வாசலுக்கு வந்ததும் ஒரு காலைப் படியில் வைத்தாய். அதற்கு மேல் நகரவில்லை. உள்ளே ஆட்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நீ இத்தனை வருஷம் கேலி பேசினவர்கள் எல்லாரும் உன்னைப் பார்க்கிறார்கள். சூசை அண்ணன் எழுந்தார். கண்டக்டர் குரலிலேயே சொன்னார். "படியில நிக்காத தம்பி. படியில தொங்குறவன்தான் கீழ விழுவான். உள்ள போ, உள்ள போ."

யாரோ குபீரென்று சிரித்தார்கள். நீயும் சிரித்துவிட்டாய். அந்தச் சிரிப்போடு காலை எடுத்து உள்ளே வைத்தாய்.

நான் கடைசிப் பெஞ்சியில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டு பார்த்தேன். உன்னை ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. நீயே தரையைப் பார்த்துக்கொண்டு, "என்னால முடியல" என்றாய். அவ்வளவுதான். ஒருத்தரும் உனக்குப் புத்தி சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர் சுண்டல் தட்டை உன் பக்கம் தள்ளினார். சூசை அண்ணன் உன் தலையில் கை வைத்து ஜெபம் செய்தார். நான் அதுவரை கேட்டதிலேயே சின்ன ஜெபம் அது. "ஆண்டவரே, இவனுக்கு முடியலையாம். உமக்கு முடியும். ஏத்துக்கங்க."

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் ஏமாற்றம். இம்புட்டுதானா, ஒரு பாட்டுகூடக் கிடையாதா என்று. நான் அப்படிப்பட்டவள்தானே, ஜெபம் என்றால் நீளமாக இருக்க வேண்டும்.

ஜெபம் முடிந்த கையோடு அவர் உன்னை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தூக்கிப் போடும், டாக்டர் பார்த்தே ஆகவேண்டும் என்றார். நான்தான் முந்திக்கொண்டு, "ஆண்டவர்கிட்ட ஒப்படைச்சாச்சே அண்ணே, மாத்திரை எதுக்கு?" என்று கேட்டேன். அவர் உன்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏம்ப்பா, நல்ல டிரைவர் இருக்காருன்னு டயருக்குக் காத்து அடிக்காம விட்டுருவியா?" நான் வாயை மூடிக்கொண்டேன். அது அபூர்வம் என்று நீ பிறகு பல வருஷம் சொல்லிக்காட்டினாய்.

ஆஸ்பத்திரியில் இருந்தாய். வேர்த்துக் கொட்டியது, நடுங்கியது, கண்டதையும் பேசினாய். திரும்பி வந்து, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாய். வெளியே வந்தபோது முகத்தில் ஒரு சிரிப்பு. கேட்டேன். "சாமி கேட்டாருக்கா, இனிமே குடிக்க மாட்டேன்னு வாக்குக் குடுப்பியான்னு. என் வாக்கை மட்டும் நம்பாதீங்க சாமி, அது ரொம்பக் கேவலமான சரக்குன்னேன். அவரும் சிரிச்சுட்டாரு." டிரம் பக்கத்தில் நின்று அப்பனுக்குப் பொறந்தவன் நான் என்று சத்தம் போட்ட ஆளா இது என்று உன்னையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனாலும் ஈஸ்டர் வரவேண்டுமே.

காலைப் பூசை முடிந்தது. ஸ்டெல்லா பழக்கத்தில் பாத்திரங்களைப் பரணில் ஏற்றிவிட்டிருந்தாள். பிரியாணிக்கு வேறு சட்டி இல்லாமல் என் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். கறி வெந்துகொண்டிருக்கும்போது நீ சட்டையை மாட்டினாய். பைக் சாவியை எடுத்தாய்.

"எங்க போறீங்க?" என்றாள் ஸ்டெல்லா.

"முருகேசனைப் பாத்துட்டு வாரேன்."

முருகேசன் பேரைக் கேட்டதும் அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. போக வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் கேட்ட ஆளா நீ? பைக் சத்தம் தெருவைத் தாண்டிப் போனது. நாங்கள் இரண்டு பேரும் அடுப்பை மறந்துவிட்டு வாசலிலேயே நின்றோம். ஜெனிபர் பள்ளிக்கூடப் பையை எடுத்து மாட்டிக்கொண்டது. ஈஸ்டர் அன்றைக்கு, புதுப்பாவாடையோடு, பையை மாட்டிக்கொண்டு என் விரலைப் பிடித்து நின்றது அந்தப் பிள்ளை. அதை உன்னிடம் நான் இதுவரை சொன்னதில்லை.

மத்தியானம் தாண்டி பைக் சத்தம் திரும்ப வந்தது. நீ இறங்கினாய். கையில் ஒரு பை நிறைய மல்லிகை. முருகேசன் தோட்டத்தில் நீயே பறித்ததாம். "அவன் பாட்டிலோட உக்காந்திருந்தான். செடியப் பாத்துட்டு வந்துட்டேன்" என்றாய். பையை ஸ்டெல்லாவிடம் நீட்டினாய். அவள் பூவை வாங்கவில்லை. உன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, உன் வாயருகே மூக்கை வைத்து முகர்ந்தாள். தெருவே பார்க்கிறது. அவள் முகர்ந்துகொண்டே இருக்கிறாள். கொய்யா இலை வாசமும் இல்லை, மற்றதும் இல்லை.

"என்னடி நாய் மாதிரி மோப்பம் புடிக்கிற?" என்றாய்.

"நாயாவே இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லி அப்படியே வாசலில் உட்கார்ந்து அவள் சிரித்த சிரிப்பை, தம்பி, நான் கல்யாண வீட்டில்கூடக் கேட்டதில்லை. ஜெனிபர் பையைக் கழற்றி வீட்டுக்குள் வீசி எறிந்தாள். உள்ளே பிரியாணி அடிப்பிடித்துக் கருகிக்கொண்டிருந்தது. அந்தக் கருகல் பிரியாணியைச் சட்டி சுரண்டித் தின்றோம். ஆண்டவர் உயிர்த்தார் என்பதை அன்று ஒவ்வொரு வாயிலும் நான் மென்று விழுங்கினேன்.

தவசு முழுக்க நீ தொடாத வருஷமெல்லாம் ஈஸ்டருக்குக் குடித்தாய். தவசை உடைத்த வருஷம், ஈஸ்டருக்கு நீ குடிக்கவில்லை. அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் குடிக்கவில்லை.

நீ புனிதர் ஆகிவிட்டாய் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கோபம் போகவில்லை. மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொண்டு சாப்பிடாமல் கிடப்பாய். கடை இருக்கிற ரோட்டில் வண்டியை விடமாட்டாய். சுற்றிக்கொண்டுதான் போவாய், டீசல் போனாலும். ஆனால் யாராவது உன்னை, "பெரிய வைராக்கியம்யா உனக்கு" என்று புகழ்ந்துவிட்டால் போச்சு. "அந்தப் பேச்சைப் பேசாதீங்க. வைராக்கியத்துலதான் இத்தன வருசமும் குடிச்சேன். நானா விட்டிருந்தா நானே திரும்ப எடுத்துக்குவேன். ஆண்டவரு எடுத்துட்டாரு. அவரு கையில இருந்து புடுங்க எனக்குத் தெம்பு இல்ல."

அடுத்த தவசில், இந்த வருஷம் எதை விடப் போகிறாய் என்று கேட்டதற்கு, "மட்டனை" என்றாய். தெருவே சிரித்தது. எனக்குத்தான் புல்லரித்தது. குடி உன் கணக்கிலேயே இல்லை.

வருஷங்கள் போனபிறகு நான் ஒரு தடவை கேட்டேன், இன்னும் எதற்கு வாரம் தவறாமல் அந்த மண்டபத்துக்கு ஓடுகிறாய், நீதான் நன்றாக ஆகிவிட்டாயே என்று. நீ வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாய். "நல்லா ஆயிட்டேன்னு என்னைக்கு நெனைக்கிறேனோ, அன்னைக்கு ஸ்டியரிங்க நானே புடிச்சிருவேன்க்கா. புடிச்சா எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரியும்."

பழைய குடி உன் ஈரலில் செய்துவைத்தது கடைசியில் வெளியே வந்தது. அதற்கு நீ ஆண்டவரிடம் சண்டை போடவில்லை, நான்தான் போட்டேன். டாக்டர் கையை விரித்தபிறகு ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரி வார்டில் நான் உனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது முருகேசன் வந்தான். வயிறு உப்பி, கண் மஞ்சளாகி, வலியில் நீ பல்லைக் கடிப்பதைப் பார்த்துவிட்டு வெளியே போய் அழுதுவிட்டு வந்தான். பிறகு மடியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தான். கெட்டவன் இல்லை அவன். உன்மேல் உயிரையே வைத்திருந்தவன்.

"ஏலே, டாக்டரே சொல்லிட்டாருல்ல? இனி குடிச்சா என்ன, குடிக்காட்டி என்ன? ஒரு வாய் குடிடா. வலியாச்சும் மறக்கும். அக்கா, நீங்க செத்த அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

கஞ்சி என் சேலையில் கொட்டியது. அவன் சொன்னது நியாயம் மாதிரிகூட ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றியது, அதுதான் பயம். பெண்டாட்டி பிள்ளைக்காக விட்டாய் என்றால், அவர்களை விட்டுத்தான் போகப்போகிறாய். உடம்புக்காக விட்டாய் என்றால், உடம்பு முடிந்துவிட்டது. இனி எதற்காக மறுக்கப் போகிறாய்? இத்தனை வருஷமாக நீ சொன்னதெல்லாம் நிஜமா, இல்லை நாற்பது நாள் வைராக்கியம்தான் கொஞ்சம் நீண்டுபோனதா? எல்லாம் அந்தக் கட்டிலில் தெரியப் போகிறது.

நீ பாட்டிலைப் பார்த்தாய். முருகேசனைப் பார்த்தாய். மெதுவாகத்தான் பேசினாய், ஆனால் ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

"உசுரைக் காப்பாத்த விட்டிருந்தேன்னா, இப்ப வாங்கிக் குடிச்சிருப்பேன்டா. காப்பாத்த ஒண்ணும் இல்லையே. அதை எடுத்தவருகிட்டத்தான் நான் போய்க்கிட்டு இருக்கேன். போற வழியில எடுத்ததைத் திருப்பிக் குடுன்னு கேக்கச் சொல்றியா?" அப்புறம் அந்த வலியிலும் உனக்கே உரிய சிரிப்பு. "அந்தப் பைப்புல ஊத்துடா. அதுக்காச்சும் இன்னைக்கு ஈஸ்டரா இருக்கட்டும்."

முருகேசன் அழுதுகொண்டே போய் வார்டின் கைகழுவும் தொட்டியில் ஊற்றினான். நர்ஸ் ஓடி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினாள். நான் எழுந்து நின்றேன். நெஞ்சு அப்படி நிமிர்ந்தது எனக்கு. சாகப்போகிற தம்பிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த அக்கா நானாகத்தான் இருப்பேன். ஜெயித்தது நீயும் இல்லை, நானும் இல்லை. அதனால்தான் அந்தச் சந்தோஷத்துக்கு எல்லையே இல்லாமல் இருந்தது.

ஆடியில் ஒரு காலையில், ஸ்டெல்லா கையைப் பிடித்தபடியே போய்விட்டாய். நம் பக்கத்துக் கேத வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். கொட்டு அடிக்கிறவர்களில் இருந்து குழி வெட்டுகிறவர்கள் வரை ஊற்றிக் கொடுத்தால்தான் பிணம் எழும்பும் என்பார்கள். ஸ்டெல்லா வாசலில் வந்து நின்று ஒரே சொல்லாகச் சொன்னாள். "எவனாச்சும் குடிச்சிருந்தா என் புருசனைத் தொடக்கூடாது." கூட்டம் முணுமுணுத்தது. சனிக்கிழமை மண்டபத்துக்காரர்கள் முன்னால் வந்தார்கள். அவர்களே குழி வெட்டினார்கள், அவர்களே தூக்கினார்கள். நீ நோஞ்சான்கள் என்று சொன்னாயே, அந்தத் தோள்களில்தான் நீ போனாய், ஆடாமல் அசையாமல்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது முருகேசன் என் பின்னாலேயே வந்தான். "அக்கா, காலையில இருந்து தொடல. சாயங்காலம் என்ன ஆவேன்னு தெரியல. அந்த மண்டபத்துல எங்க ஆளுகளையும் சேப்பாங்களா?" என்றான். நான் அவனைக் கையோடு சூசை அண்ணனிடம் கூட்டிப்போய் விட்டேன். அவன் தன் குலசாமியை விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. அவனை யார் பிடித்து வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஒரு நாள் அவனுக்கும் தெரியும். அடுத்த வாரம் என்னிடம் வந்து தலையைச் சொறிந்தான். தினமும் காலையில் யாராவது ஒருத்தருக்கு போன் போட்டு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். "பழக்கமா உங்க தம்பிகிட்டத்தான் எல்லாத்தையும் சொல்லுவேன். இப்ப யாருக்குப் போடுறது?"

"எனக்குப் போடு" என்றேன்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும், தம்பி. சின்னப் பிள்ளையிலிருந்து ஜெபமாலையைக் கீழே வைத்ததில்லை நான். ஆனால் வீட்டில் எந்தக் கஷ்டம் வந்தாலும் முதலில் என் வாயில் வருவது, "நான் இருக்கேன்ல, நான் பாத்துக்குறேன்" என்பதுதான். உன் சாவுக்குப் பிறகும் அப்படித்தான் நின்றேன். ஸ்டெல்லாவை நான் தேற்றினேன். ஜெனிபரின் நர்சிங் படிப்புக்கு நான் அலைந்தேன். உன் முப்பதாம் நாள் பூசைக்கு நான்தான் சமைத்தேன். எல்லாம் முடிந்து ஒரு காலையில் அடுப்படியில் பால் பொங்கி வழிகிறது, எழுந்து அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை எனக்கு. நீ இல்லை என்பது அன்றைக்குத்தான் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. எத்தனையோ ஜெபம் தெரிந்த எனக்கு ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை. அப்போதுதான் போன் அடித்தது.

"அக்கா, இன்னைக்கு என்னால முடியல" என்றான் முருகேசன்.

உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். நகை நட்டு ஒன்றும் இல்லை. தினமும் காலையில் அவன் போன் போடுகிறான், நானும் தினமும் இதைத்தான் சொல்கிறேன். இன்றைக்குக் காலையிலும் சொன்னேன். நாளைக்குச் சாம்பல் பூசிக்கொண்டு வந்தும் சொல்வேன்.

"எனக்கும் முடியலப்பா. ரெண்டு பேரையும் அவரு பாத்துக்கட்டும். நீ போய்ப் பூவைப் பறி."